ஒற்றைக்கண்ணனுக்கு ஒரு நோட்டீஸ்

பகலெல்லாம் பிஸ்கட் பாக்கெட்டுக்கு அட்டை வரைபவள் அவள். மனசு கிடப்பது என்னவோ நாய் காப்பகத்தில். அங்கே சம்பளம் வாங்காமல் நோட்டீஸ் போட்டுத் தருவாள். சம்பளமில்லாத வேலைக்குத்தானே எப்போதும் அவசரம் அதிகம்! வியாழன் காலை செயலாளர் அக்கா போன் செய்தார். சனிக்கிழமைக்குள் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். பதினோரு நாய்களுக்கும் வீடு பார்க்க வேண்டும். மத்தியானத்துக்குள் நோட்டீஸ் வேண்டும்.

பத்துக்கு எப்படியும் வீடு கிடைத்துவிடும். கிழட்டு ஒற்றைக்கண்ணனை யார் கேட்பார்கள்? அவன் மூஞ்சியைத்தான் பக்கம் முழுக்கப் போட்டாள்.

"குட்டிங்களைப் பெருசா போடேன்மா."

"குட்டிங்க தானா போயிடும்க்கா. இவன்தான் நிப்பான்."

அடித்துப் பிடித்துப் பன்னிரண்டு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊரெல்லாம் அவன் முகம். ஒன்பது மணிக்கு அவள் போன் அடித்தது.

"நாய் இருக்குங்களா?"

நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள். நோட்டீஸில் போன் எண் வரவேண்டிய இடத்தில் சும்மா தன் எண்ணைப் போட்டு வைப்பது அவள் வழக்கம், கடைசியில் மாற்றிவிடுவாள். இந்த முறை மாற்றவே இல்லை!

அழுவதா சிரிப்பதா என்று யோசிக்கக்கூடப் போன் விடவில்லை. ஒரு கையில் பிஸ்கட் அட்டை, மறு காதில் நாய் கல்யாணத் தரகு. முறைத்துக்கொண்டே இருந்த மேலாளர் மெல்ல வந்து, "வெள்ளைக்குட்டி இருக்கா?" என்றார். மூன்று மணிக்குள் பத்தும் போய்விட்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒற்றைக்கண்ணனை ஒருவரும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு மறுபடி மணி. திரையில் 'வீடு' என்று வந்தது. வீட்டில் இந்நேரம் மாமனார் மட்டும்தான். "ஊருக்கு உழைக்கிறா மகராசி" என்று தினமும் குத்திக்காட்டுகிற அதே மாமனார். அவள் எண் அவருக்கு மனப்பாடம் கிடையாது. குரலை மாற்றிக்கொண்டாள்.

"நாய் காப்பகம், சொல்லுங்க."

"எதிர்ச் சுவத்துல நோட்டீஸ் பார்த்தேங்க. அந்த ஒத்தைக்கண்ணனை யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"எனக்கும் ஒரு கண்ணுல புரை. ரெண்டு பேரும் சேர்ந்தா முழுசா ரெண்டு கண்ணு ஆயிடும்." செருமினார். "படம் போட்ட பொண்ணு கெட்டிக்காரிங்க. காலையிலேர்ந்து அவனையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எடுத்து வைக்கிறேங்க," என்றபோது மாற்றிய குரல் நழுவிப் பழைய குரல் வந்தது.

அந்தப் பக்கம் மறுபடி ஒரு செருமல்.

"சரி. வரும்போது உன் கம்பெனி பிஸ்கட் ரெண்டு பாக்கெட் எடுத்துட்டு வாம்மா. அவனுக்கு."