ஆடி போனதும் அழுத்தலாம்

"சார், பணம் வரலைன்னு சண்டைக்கு வந்திருக்கீங்க... கணக்கு போட்டதும் வெரிஃபை பண்ணீங்களா, இல்லியா?"

விழுப்புரத்தில் ஒரு பெண் ஆடிட்டர் போன வாரம் என்னிடம் இப்படிக் கேட்டார். வருமான வரித் துறையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதற்கு வழி தேடி, திண்டிவனத்தில் பஸ் ஏறிப் போயிருந்தேன். முதல் கேள்வியே என் பக்கம் திரும்பிவிட்டது.

கூடுதலாகப் பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பி வரும் என்று நம்பி வீட்டில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. ஆனியிலேயே வாஷிங் மெஷின் உயிரை விட்டுவிட்டது. தவணையில் புதுசு வாங்கலாம் என்றாள் மனைவி செல்வி. நான் விடுவேனா?

"ரீஃபண்ட் வரட்டும், ரொக்கமா வாங்கலாம். அதுவரைக்கும் நானே துவைக்கிறேன்!"

வீர வசனம் பேசியவன் ஐப்பசி மழையிலும் பெட்ஷீட் பிழிந்துகொண்டிருந்தேன். பக்கத்து மாடிக்காரர் வேறு, "இன்னா சார், எழுதறத வுட்டுட்டு லாண்டரி வெச்சிட்டீங்களா?" என்று தினமும் விசாரித்தார்.

வெரிஃபை செய்தேனா? அங்கேதான் ஆடி வருகிறது.

கணக்கு தாக்கல் செய்யக் கடைசித் தேதி ஆடியில் இருந்தது. எல்லாம் நிரப்பி அனுப்பியும் விட்டேன். ஓடிபி அடித்து உறுதி செய்வது மட்டும் பாக்கி. சமையலறையிலிருந்து செல்வி குரல் கொடுத்தாள். "ஆடியில கையெழுத்து போடற வேலையெல்லாம் வெச்சிக்காதீங்க. மாசம் போவட்டும்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால், பணம் வருகிற விஷயத்தில் நம்பாமல் இருக்கிற துணிச்சலும் கிடையாது. 'பிறகு செய்கிறேன்' என்ற பட்டனை அழுத்தினேன். ஆவணி பிறந்தது... வரிசையாகக் கல்யாணப் பத்திரிகைகள். பட்டன் மறந்தே போனது.

"முப்பது நாள்தான் சார் டைம். அது தாண்டினா, நீங்க போட்டது போடாத மாதிரிதான்" என்றார் ஆடிட்டர்.

"ஆடி மாசமாச்சேன்னு தள்ளி வெச்சேங்க..."

அவர் சிரிக்கவில்லை. "உங்கள மாதிரி நெறைய பேர் வர்றாங்க சார். ஆனா, அவங்கல்லாம் மறந்துட்டேன்னு பொய் சொல்லுவாங்க."

அங்கேயே ஓடிபி அடித்தோம். தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனுவும் போட்டோம். 'காரணம்' என்ற கட்டம் வந்ததும் அவர் கை நின்றது. "ஆடின்னு போடட்டுமா சார்?"

"மறதின்னே போடுங்க. அதுவும் உண்மைதான்!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். ஆடித் தள்ளுபடிக்கு இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறோமே, அது என்ன கணக்கு? ஆடி மாதச் சம்பளம் வேண்டாம் என்று யாராவது திருப்பிக் கொடுத்திருக்கிறோமா? நம் பணம் வெளியே போக எல்லா நாளும் நல்ல நாள்... அது திரும்பி வருவதற்குத்தான் முகூர்த்தம் தேவைப்படுகிறது!

"இன்னா சொன்னாங்க?" என்றாள் செல்வி.

"வந்துடும். மார்கழிக்குள்ள கண்டிப்பா வந்துடும்."

"வரட்டும். ஆனா, மார்கழியில புதுசா ஒண்ணும் வாங்கக் கூடாதுங்க. தை பொறக்கட்டும்."

ரீஃபண்ட் வரும்... எனக்குச் சந்தேகமே இல்லை. சோப்புத் தூள்தான் இந்த முறை பெரிய பாக்கெட்டாக வாங்கியிருக்கிறேன்.