கொஞ்ச நேரம் பேசாம இரு

என் மச்சான் உடையப்பன் ஒரு தனியார் பள்ளியில் பஸ் ஓட்டுகிறார். அன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அவர் பஸ்ஸில் மண் ஒட்டிய செருப்போடு ஒரு பிள்ளை ஏறிவிட முடியாது. தினமும் கழுவுவார். டயரைக்கூடத் துடைப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, மறுபடியும் துடைத்து, பரிமாற வருகிறவர் அடுத்த வரிசைக்குப் போன பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்.

அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா ரஞ்சிதா. "ஒன் மச்சான் அரிசியில கல்லுப் பொறுக்குனா கடைசியில கல்லும் இருக்காது, அரிசியும் இருக்காதுடா" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும். இனிமேல் அதுவும் முடியாது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது, மகள் கௌசல்யா படிக்கட்டும் என்று மச்சான் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். கௌசல்யா நர்சிங் படிக்கத் திருச்சிக்குப் போய்விட்டாள். அக்கா தன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அதை வைத்து, மிச்சத் துணியில் உறை தைத்து மூடிவிட்டாள். காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவில் மச்சான் வீட்டில் சும்மாதான் இருப்பார். ஒரு நாள் உறையை எடுத்துவிட்டு யூடியூபைப் போட்டார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாட்டுக்கு இசை போடுவது எப்படி என்று யாரோ தமிழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மச்சான் அதோடு போனவர்தான்.

திரையில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தை அமுக்கினால் 'தொம்' என்று முரசு விழும், இன்னொன்றை அமுக்கினால் 'சிக்' என்று ஜால்ரா. எந்தெந்தக் கட்டம் எரிகிறதோ அந்தத் தாளம் திரும்பத் திரும்ப ஓடும். ஆரம்பத்தில் அவர் எல்லாக் கட்டங்களையும் அமுக்கிவைத்தார். தெருவில் போனவர்கள் மோட்டார் ரிப்பேரா என்று கேட்டார்கள். "சினிமாவுல கூப்டாகளா மச்சான்?" என்று நான் ஓட்டுவேன். "சிரி மாப்ள, சிரி" என்பார். கோபமே வராது. போகப் போக எதை விட வேண்டும் என்று பிடிபட்டது. தாளம் தாளமாகக் கேட்கத் தொடங்கியது. நாற்பத்தைந்து வயதில் ஒரு மனுஷன் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் முளைப்பாரித் திருவிழாவுக்குப் பெண்கள் கும்மியடிப்பார்கள். அக்காதான் பாட்டை எடுத்துக்கொடுப்பாள், அவள்தான் முதல் குலவை போடுவாள். அவள் குரல் கிளம்பினால்தான் மற்றவர்களுக்குக் குலவை வரும். அதையே பதிந்து, தாளம் சேர்த்து, ஒலிபெருக்கியில் போடலாம் என்று மச்சானுக்கு யோசனை வந்தது. ஒரு மைக் வாங்கிவந்தார். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நான் கை கழுவிவிட்டு நின்று பார்த்தேன்.

"பாடுறதுக்கு முந்தி கொஞ்ச நேரம் பேசாம இரு" என்றார் அக்காவிடம்.

"எதுக்குங்க?"

"யாரும் பேசாதப்ப இந்த அறையில என்ன சத்தம் இருக்குன்னு கம்ப்யூட்டரு மொதல்ல கேட்டுக்கும். பெறகு அந்தச் சத்தத்தை மட்டும் எல்லாத்துல இருந்தும் எடுத்துரும். ஒன் கொரலு சுத்தமா நிக்கும்."

"மூச்சாவது விடலாமா?"

"மெதுவா விடு."

அக்கா தையல் மெஷினை நிறுத்தி, மடியில் கையைக் கோத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டாள். பிறகு "ஆச்சா?" என்றாள். ஆயிற்று என்று மச்சான் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் முழுக்கக் கும்மி தட்டிப் பாடினாள், குலவை போட்டாள். நடுநடுவே பேசினாள். வெளியே துணியை மேயவந்த ஆட்டை விரட்டினாள். நூல் சாயம் போவதாகக் கடைக்காரரைத் திட்டினாள். ஹாஸ்டலில் இருந்து கௌசல்யா போன் செய்ய, "கௌசி, சாப்டியாத்தா? தலைக்கு எண்ணெ வச்சியா?" என்று வெகுநேரம் பேசினாள். மச்சான் மைக்கை நிறுத்தவில்லை. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் துடைக்க உட்கார்ந்தார். ஃபேன் சத்தத்தை எடுத்தார். ஆட்டை எடுத்தார். இருமலை எடுத்தார். பேச்சை வெட்டினார், சிரிப்பை வெட்டினார், அடிக்கு அடி அவள் மூச்சு வாங்கியதையும் வெட்டினார். பாட்டுகூட வேண்டாம், கும்மித் தட்டும் ஒரு குலவையும் போதும் என்று பிரித்துக்கொண்டார். தாளத்துக்குச் சேரவில்லை என்று அந்தக் குலவையையும் சுருதி ஏற்றினார். கம்ப்யூட்டர் இடம் போதவில்லை என்றது. முழுப் பதிவையும் அழித்துவிட்டார்.

"அது இருந்துட்டுப் போகட்டுமே மச்சான்" என்றேன்.

"பஸ்ஸு கழுவுன தண்ணியை யாராச்சும் பிடிச்சு வைப்பாகளா மாப்ள?"

திருவிழாவில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒலிபெருக்கிக் குழாயில் குலவை வந்ததும் ஊர்ப் பெண்கள் பதில் குலவை போட்டார்கள். இளவட்டங்கள் மச்சானைத் தோளில் தூக்காத குறை. அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து, "அது நானாடா? யாரோ மாதிரியில்ல இருக்கு" என்றாள். அவர் காதில் விழாமல் சொன்னாள். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாள். அப்படியே மெஷின்மேல் சாய்ந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அங்கிருந்து தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். கௌசல்யா ஓடி வந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா கடைசி வரை வாய் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, கௌசல்யா தன் போனில் இருந்ததையெல்லாம் பார்த்தாள். போட்டோ நிறைய இருந்தது. வீடியோ என்றால் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடிவிடுவாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியாது. கௌசல்யா அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மா பாடுனதைப் பதிஞ்சீங்கள்ல. அன்னைக்கு என்கிட்ட போன்ல பேசுச்சு. அதுவும் அதுல இருக்கும்ல. அதைப் போடுங்கப்பா. கௌசின்னு கூப்புடுறதை மட்டும் கேட்டுக்கிறேன்."

மச்சான் கம்ப்யூட்டரைப் போட்டார். அவருக்குத் தெரியும், இருந்தாலும் தேடினார். திருவிழாப் பாட்டுத்தான் இருந்தது. சுருதி ஏற்றிய குலவை வந்தது. "இது அம்மா இல்லப்பா" என்றாள் அவள்.

அழித்ததை மீட்க முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டையில் கடை கடையாக நான் ஏறி இறங்கினேன். அந்த இடத்தின் மேலேயே மச்சான் ஆசை ஆசையாக வேறு பாட்டுகள் போட்டு நிரப்பியிருந்தார். முடியாது என்றுவிட்டார்கள். திரும்பி வந்து அவரைக் கண்டபடி பேசினேன். அன்றைக்கே சொன்னேனே, கேட்டீர்களா என்றேன். கடைசியில் கத்திவிட்டேன். எனக்கு அக்கா போன ஆத்திரம். கொட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. மறுநாள் அவர் பஸ்ஸைக் கழுவாமல் எடுத்துக்கொண்டு போனார். பின்கண்ணாடித் தூசியில் பிள்ளைகள் விரலால் பேர் எழுதிவைக்கும் அளவுக்கு அழுக்கானது. இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது.

போன மாசம் கௌசல்யா லீவுக்கு வந்திருந்தாள். மத்தியானம் மச்சான் என்னையும் போன் போட்டு வரச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பதிவு கிடைத்ததாம். மகள் காதில் ஹெட்போனை மாட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் எதுவும் வரவில்லை.

"ஒண்ணும் கேக்கலையேப்பா. ஃபேன் சத்தந்தான் வருது."

நான் வாங்கி மாட்டினேன். ஃபேன் ஓடியது. எங்கேயோ ஒரு சேவல் கூவியது. வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. இதன் முடிவில் அக்கா "ஆச்சா?" என்பாள் என்று காத்திருந்தேன். அதற்குச் சரியாக முன்னால் பதிவு நின்றது. மச்சான் சுத்தமாக வெட்டியிருந்தார்.

"அறைச் சத்தத்தைக் கழிக்கிறதுக்குன்னு தனியா எடுத்து வச்சது ஆத்தா" என்றார் மகளிடம். "ஒங்கம்மா அந்தா, அந்த ஸ்டூல்ல ஒக்காந்திருந்தா. நான்தான் பேசாம இருக்கச் சொன்னேன்."

கௌசல்யா என்னைப் பார்த்தாள். "அம்மா மூச்சு கேக்குதா மாமா?"

கேட்கிறது என்றேன். கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அவள் ஹெட்போனை வாங்கி மறுபடியும் மாட்டிக்கொண்டாள். மச்சான் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்தோம்.