காந்தம் காட்டும் முன்னே ஒழுகிய கேப்சூல்கள்

கண்ணுக்குத் தெரியாத பொருளைச் செய்கிற தொழிலில் ஒரு சங்கடம், செய்தோம் என்று சொன்னால் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். அரியூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் ஸ்டெல்லாவும் செய்வது நானோ கேப்சூல். உள்ளே மருந்து, ஓட்டில் இரும்புத் துகள். வெளியிலிருந்து காந்தம் காட்டினால் மட்டும் ஓடு திறந்து மருந்து வர வேண்டும். ஆய்வுக்கூடங்களில் குப்பை கொட்டும் தோழர்களே, அந்த 'வேண்டும்' படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும்.

பஸ்ஸில் ஒரு பரீட்சை

மதகடிப்பட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, பாத்திரக்கடை வைத்திருப்பவர், என் வேலையை விசாரித்தார். உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்டு பிரிட்ஜ் கதவுல கூடத்தான் காந்தம் கீது. இதுக்குப் போயி யாரும்மா சம்பளம் குடுக்குறாங்க?"

ஒழுகல்

அந்தச் சம்பளத்துக்கே வேட்டு விழும்போலிருந்தது. திங்கட்கிழமை நிபுணர் குழு வருகிறது. அவர்கள் முன்னால் சோதனை சொதப்பினால் திட்டத்தை மூடிவிடுவார்கள், எங்கள் இருவருக்கும் வேலை போய்விடும்.

கேப்சூல் திறப்பதில் பிரச்சினையே இல்லை, மூடியிருக்கத்தான் மாட்டேன் என்றது. மருந்துக்குப் பதில் சிவப்புச் சாயத்தை அடைத்து, மெல்லிய சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவோம். மின்சாரம் விட்டால் காந்தமாகும் கம்பிச் சுருள் பக்கம் கொண்டுபோகும் முன்பே தண்ணீர் ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும். ஓட்டின் கலவையை மாற்றினோம், சாயத்தை மாற்றினோம், ஏசியைத் திட்டினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் கைடு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காந்தம் எதுக்கும்மா? நீங்க முறைச்சாலே தொறந்துக்கும் போல."

குற்றவாளி

எங்கள் ஆய்வுக்கூட இனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கலக்குவதானாலும் குடுவைக்குள் ஒரு வெள்ளைக் குச்சியைப் போட்டு, 'கலக்கி' என்கிற மின்கருவியின் மேல் வைத்து, சுவிட்சைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். கலக்கிக்குள் சுழல்வது காந்தம். அதோடு சேர்ந்து சுற்றுகிற குச்சிக்குள்ளும் காந்தம்.

வெள்ளிக்கிழமை குடுவையைக் கழுவும்போது அந்தக் குச்சியில் கருப்பாக ஏதோ அப்பியிருந்தது. துடைத்தால் விரலெல்லாம் சிவப்பு. அத்தனையும் எங்கள் கேப்சூல்கள். இரும்பு ஓடு குச்சியில் ஒட்டி, குடுவையின் அடியில் அரைபட்டுக் கிழிந்திருக்கிறது. காந்தத்துக்குத் திறக்கிற சரக்கைக் காந்தம் போட்டே கலக்கியிருக்கிறோம், படித்த கழுதைகள். ஸ்டெல்லா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "மாதா மேல ஆணை, இத வெளிய சொன்ன, உன்ன கொன்னுடுவேன்டி."

திங்கட்கிழமை

புதுச் சரக்கை மோட்டாரில் சுற்றும் பிளாஸ்டிக் துடுப்பால் கலக்கினோம். குழு டீ குடித்து முடிக்கும்வரை தண்ணீர் தெளிவாகவே நின்றது. சுருளுக்குள் வைத்து சுவிட்சைத் தட்டினேன். பையைச் சுற்றி ஒரு சிவப்பு இழை, பிறகு தண்ணீர் முழுக்கச் சிவப்பு. திட்டம் தொடரட்டும் என்று குழுத்தலைவி அங்கேயே சொல்லிவிட்டார். எனக்கு மேசை மேல் ஏறி ஆடலாம் போலிருந்தது.

எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கைடு கேட்டார். ஸ்டெல்லா முகத்தைத் துளிகூட மாற்றாமல் சொன்னாள்: "கலக்குறத கொஞ்சம் மாத்தினோம் சார்."

ஆக, காந்தத்தால் கேப்சூலைத் திறந்துகாட்டி ஜெயித்துவிட்டோம், ஆனால் மேசை மேலேயே இருந்த காந்தத்தைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.