பவளத்துக்கு ஆகாத போர் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குக் காது பாதிதான் கேட்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டவர். அந்த இரைச்சல் காதை வாங்கிக்கொண்டது. வண்டியை விற்றுவிட்டுத் திருச்செங்கோட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு டிவியும் புரியவில்லை, கல்யாண வீட்டுப் பேச்சும் புரியவில்லை. உம்மென்று மூலையில் கிடந்தார். பார்க்கப் பொறுக்காமல்தான் எங்கள் மகள் ஒரு கடல் மீன் தொட்டி வாங்கி வந்து ஹாலில் வைத்தாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், பாறை மேல் காளான் போல விரியும் ஒரு பவளம். மீனைப் பார்க்கக் காது வேண்டியதில்லையே! மனிதர் காபி குடிக்கும் முன்பே தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். காணாமல் போயிருந்த சிரிப்பும் திரும்பி வந்தது.

வெயில் காலத்தில் பாசி பிடித்தது. முதலில் கண்ணாடியில் லேசாகப் பச்சை, அப்புறம் பாறையெல்லாம் முடி முடியாக. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். அது என்னுடைய பிரஷ் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது, வாங்கிக் கட்டிக்கொண்டார். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தோம், தீனியைக் குறைத்தோம், பாசி தின்னும் நத்தைகளை வரவழைத்தோம். நத்தைகள் தின்று கொழுத்தன, பாசியும் கொழுத்தது. பவளம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

“இது செத்துச்சுன்னா தொட்டியவே யாருக்காச்சும் குடுத்தர்றேன் புள்ள. எனக்கு எதுவும் ஒத்து வராது” என்றார். தொட்டி போனால் இவர் மறுபடி மூலைக்குத்தான் போவார்.

வீடியோ பார்த்து, தண்ணீரைச் சோதிக்கும் மருந்து வாங்கினேன். பாசிக்கு உரமாகிற நைட்ரேட் இருந்தால் சிவக்கும். தொட்டித் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. ஏதோ சந்தேகத்தில் எங்கள் போர் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன். அதுவும் சிவந்தது. தொட்டிக்குக் கடல் உப்பு கலக்குவதும் அதில்தான், வெயிலில் வற்ற வற்ற ஊற்றுவதும் அதைத்தான். தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் இருப்பது தொட்டியிலேயே தங்கிவிடும். சுற்றிலும் கோழிப்பண்ணையும் உரம் போட்ட விவசாயக் காடுமாக இருந்தால் நிலத்தடியில் வேறென்ன இருக்கும்?

ஆனால் அது அவரே தன் வண்டியை நிறுத்திப் போட்ட போர். வாசலுக்கு வெளியே குழாய் வைத்துத் தெருவுக்கே விட்டிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சொம்பு கொடுத்து, “எளநியாட்டம் இருக்குதுங்களா?” என்று கேட்காமல் விடமாட்டார். தொட்டி பிழைக்கக் கடையில் விற்கும் கேன் தண்ணீர்தான் வழி. ரிக்காரர் வீட்டுக்கு அது வருவதோ, ஓட்டல்காரர் பக்கத்து ஓட்டலில் பார்சல் வாங்குவது மாதிரி. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கேட்கும்படி சொன்னால் குழாயடியில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்.

வாயைத் திறக்காமல் இரண்டு சோதனைக் குழாய்களை அவர் முன்னால் வைத்தேன். கேன் தண்ணீர் மஞ்சளாக இருந்தது, எங்களுடையது சிவப்பு.

“இதுல எது நம்முளுது?”

காட்டினேன்.

“மருந்து கெட்டுப் போயிருக்கும்” என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் தானே சோதித்தார். புது மருந்து வாங்கி வந்தும் சோதித்தார், அதிலும் சிவப்புதான். அன்று மதியம் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஸ்கூட்டரில் துண்டு போர்த்திய கேன் ஒன்று வந்து இறங்கியது. “யாராச்சும் கேட்டா, ஊட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொல்லிரு” என்று ரகசியம் பேசினார். அவருடைய ரகசியம் நாலு வீடு தாண்டிக் கேட்கும். எதிர் வீட்டம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, கேன் தண்ணீரில் உப்பு கலந்து ஊற்றினோம். பாசி மெலிந்தது. ஒரு காலையில், “ஏம்புள்ள, விரிஞ்சிருச்சு, ஓடியா!” என்று அவர் போட்ட சத்தத்தில் தோசைக் கரண்டியோடு ஓடினேன். பவளம் பழையபடி விரிந்து நின்றது. மீன்கள் அதைச் சுற்றி வந்தன. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது.

அவரோ சிரிப்பை நிறுத்தி எதையோ யோசித்தார். பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். பின் வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சாமி, கொழந்தைக்குப் பால்பவுடரு இந்தத் தண்ணியிலதான் கலக்கறயா?”

“ஆமாங்க.”

“இனிமே வேண்டாஞ் சாமி. நான் போட்ட போருதான், ஆனா தண்ணி செரியில்ல, இதுல இருக்கற நைட்ரேட்டு கைக்கொழந்தைக்கு ஆகாது. துணி தொவச்சுக்க, பாத்தரம் கழுவிக்க. கொழந்தைக்கு வேற தண்ணி நான் வாங்கியாரேன்.”

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் சொல்லப் பயந்ததை அவர் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும், இந்த மனுசனைக் கட்டியவள் நான்தான் என்று கரண்டியோடு வாசலில் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.