இரண்டு மரத்துக்கும் ஒரே காவல்

எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டுக்குள் அரிவாள் போகக் கூடாது. காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்து வர மாட்டார்கள். கீரனூர்ப் பக்கம் இருந்த காடெல்லாம் கொல்லையாகிப் போன பிறகும் எங்கள் உலக்கைப் பாலை மரம் தப்பி நிற்பது அந்தச் சாமி பயத்தால்தான். அதன் அடிமரத்தைச் சுற்றிக் கட்ட எட்டு முழ வேட்டி பத்தாது. இந்த வட்டாரத்தில் இப்படி ஒன்றை இனித் தேடத்தான் வேண்டும் என்று மரம் பார்க்க வந்த கல்லூரிக்காரர்கள் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வருஷத்துக்கு முன் அடித்த புயலில் பெரிய மரங்கள் சாய்ந்து காட்டுக்குள் வெயில் இறங்கியது. கூடவே சீமைக்கருவேலமும் வந்தது. ஆடு புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைத்தது. பாலை ஒரு முழம் வளர வருஷக்கணக்கில் யோசிக்கும். இந்தச் சனியன் ஒரு மழைக்கே இடுப்பளவு வந்துவிடுகிறது. வெளியே இதை வேரோடு பிடுங்கப் பொக்லைன் வருகிறது; கோயில் காட்டுக்குள் மட்டும் இதற்கும் சாமி காவல். அழிந்துகொண்டிருக்கிற மரத்துக்கும் அழிக்க வந்த மரத்துக்கும் ஒரே சட்டம்! பாலையடியில் பழம் கொட்டிக் கிடந்தும் ஒரு கன்றுகூட இல்லை.

ஊர்க்கூட்டத்தில் கத்தினேன். கடைசியில் சாமியிடம் பூப்போட்டுக் கேட்பதென்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் கருவேலத்தை வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி இரண்டு பூவையும் தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"சாமியே வேணாமுன்னுருச்சு. பேசாமப் போங்க," என்றார். சாமிக்கு என்ன, முள்ளா குத்தப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

போன ஆடியில் என் தங்கை கையெல்லாம் கீறலோடு கோயிலிலிருந்து வந்தாள். கல்யாணமாகி வெகுகாலமாகக் குழந்தையில்லாதவள். பிள்ளை வரம் கேட்டுப் பாலைக் கிளையில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டப் போயிருந்தாள்.

"பாலைகிட்டப் போகவே முடியலண்ணே, ஒரே முள்ளு. இங்கிட்டு நின்ன கருவமரத்துலயே கட்டிட்டு வந்துட்டேன்."

திட்ட வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீறலுக்குப் போட மஞ்சள் குழைத்துக் கொடுத்தேன்.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்தக் கருவேலத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். கிளை தெரியாத அளவுக்குத் தொட்டில்கள் தொங்குகின்றன. பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமும் பீதியும் சேர்ந்தே வருகின்றன.

நேற்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மரத்த யாரும் வெட்டிராமப் பாத்துக்கங்கண்ணே," என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.