பார்க்காத மலையை விற்ற மீரான் காக்கா

குவைத்தின் ஃபர்வானியாவில் எங்கள் டிராவல்ஸ் கடையின் ஷட்டரைத் தினமும் திறப்பவர், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணனான மீரான் காக்காதான். போன வாரம் ஒரு காலையில் நான் போனபோது ஷட்டர் மூடிக் கிடந்தது. அவருக்குப் போன் போட்டால் ரூம்காரர் எடுத்தார். "காக்கா மவுத்தாயிட்டாங்க தம்பி. சுபுஹு தொழறதுக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். அன்றே அடக்கமும் முடிந்தது. காயல்பட்டினத்தில் இருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். குவைத்தில் எல்லா டிராவல்ஸிலும் சென்னை டிக்கெட்டும் கொச்சி டிக்கெட்டும்தான் விற்பார்கள். எங்கள் கடையில் பிரேசிலின் மந்திகெய்ரா மலையும் விற்றது. அது காக்கா ஒருவரால் வந்த வியாபாரம். முழங்கால் வலியோடு வந்த ஒரு குவைத்தி ஆசிரியை, அந்த மலையில் கந்தக வெந்நீர் ஊற்று இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தார். வேறு யாராக இருந்தாலும் "மாஃபி" என்று கையை விரித்திருப்பார்கள். காக்கா அங்கே தங்கும் விடுதி நடத்தும் ஓர் அம்மாளைத் தேடிப்பிடித்து ஃபேக்ஸ் அனுப்பினார்.

அந்த அம்மாள் பெயர் பாத்திமா. நம் காக்காவுக்கு அது போதாதா? ஸலாம் சொல்லி, பக்கத்தில் பள்ளிவாசல் உண்டா, நோன்பெல்லாம் எப்படி என்று குடும்ப நலம் விசாரிப்பதுபோல எழுதிவிட்டார். தான் கிறிஸ்தவர் என்றும், பாத்திமா மாதாவின் பெயரைத் தனக்கு வைத்திருக்கிறார்கள் என்றும் பதில் வந்தது. ஆபீசே சிரித்தது. காக்கா மட்டும் பதிலின் கடைசி வரியைக் காட்டினார். "உங்கள் விருந்தாளிகளுக்கு என்ன சாப்பாடு ஆகும் என்று சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்" என்று இருந்தது. "இதுக்கு மேல என்ன தம்பி வேணும்? நல்ல பொம்பளை" என்றார்.

அந்த நம்பிக்கையில் எல்லாம் நடந்தது. வெந்நீர்த் தொட்டியில் பெண்களுக்கென்று தனி நேரம், மீன் சாப்பாடு, காப்பித் தோட்டத்தில் ஒரு பகல், ஊர்த் திருவிழாவில் கொட்டடித்து ஆடிவரும் ஊர்வலம் எல்லாவற்றையும் இருவரும் எழுதி எழுதியே ஏற்பாடு செய்தார்கள். போனவர்கள் வலி குறைந்து வந்தார்களோ இல்லையோ, முகம் தெளிந்து வந்தார்கள். எங்கள் முதலாளி அதற்கு 'வெல்னஸ் டூர்' என்று பெயர் வைத்துக் கண்ணாடியில் ஒட்டினார்.

காக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. அந்த மலையை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். ஊர் சுற்றும் ஆசை இல்லை அது. "பாக்காத மலைய எத்தனை நாளைக்கு விக்கிறது தம்பி? ஆளுங்க என் வாயைப் பாக்குறாங்க. எனக்குக் கூசுது" என்பார்.

பாத்திமா அம்மாள் அவர் பெயரைக் குறிப்பிட்டு, விருந்தாளியாக வரச்சொல்லி அழைப்பு அனுப்பினார். முதலாளி நம் ஊர்க்காரர்தான். "போயிட்டு வாங்க பாய், ஆனா அது உங்க லீவுல கழியும்" என்றார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவு. அந்த லீவில்தான் மகள் நிக்காஹ். காக்கா ஊருக்குப் போனார். அதில் குறைப்பட எதுவுமில்லை.

இரண்டாவது அழைப்புக்கு முதலாளி சம்மதித்தார். எல்லார் பாஸ்போர்ட்டும் கிடக்கும் அவருடைய மேஜை டிராயரிலிருந்து காக்காவின் பாஸ்போர்ட் வெளியே வந்து, விசாவும் குத்தியாயிற்று. காக்கா மலையேறும் ஷூ வாங்கி, அதைப் பழக்குவதற்காகக் கடைக்கே போட்டுக்கொண்டு வந்தார். கிளம்ப வேண்டிய வாரத்தில் முதலாளி சொன்னார்: "சீசன் டைம்ல கவுன்டரை யாரு பாப்பா? நம்ம மச்சான் போயிட்டு வரட்டும். யல்லா, அவன் பேருக்கு டிக்கெட் அடிங்க."

அந்த டிக்கெட்டை அடித்ததும் காக்காதான். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் "கலாஸ் தம்பி, வுடுங்க" என்று என்னை அடக்கினார்.

மச்சான் திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல காக்கா, வெறும் மலை. மொபைல் சிக்னல்கூட இல்ல" என்றார். காக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தத் தண்ணில கந்தக வாசம் ரொம்ப அடிக்குமா? அடிக்கடி கேக்குறாங்க."

"நான் எங்க குளிச்சேன்?" என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு காக்கா வாடிக்கையாளர்களிடம் பேசும் விதமே மாறிவிட்டது. "நான் பாத்ததில்ல. போனவங்க நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்றே ஆரம்பிப்பார். வந்தவர்களில் பாதிப் பேர் யோசித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதலாளி கத்தினார்: "பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகும் உங்களுக்கு?" காக்கா தலையைக் குனிந்துகொண்டு, "அது மட்டும் என்னால ஆகாது மொதலாளி" என்றார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் அன்று சொன்னதிலிருந்து அவர் இறங்கி வரவேயில்லை.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் கடையில் பெரிய பேனர் தொங்கியது. அவருடைய கவுன்டர் போட்டோவை வெட்டி, மந்திகெய்ரா மலைக்கு முன்னால் ஒட்டியிருந்தார்கள். மலைச்சரிவில் நின்று சிரிக்கிறார் காக்கா. 'எங்கள் மலை மனிதருக்கு அஞ்சலி' என்று மேலே. கீழே கடையின் போன் நம்பர். இரங்கல் கூட்டத்தில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். அஞ்சலிக்கு வந்தவர்கள் போன பிறகும் பேனர் இறங்கவில்லை. நான் எழுதும் இதை முதலாளியும் படிப்பார். படிக்கட்டும்.

நேற்று ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். பிரேசில் போகலாமா வேண்டாமா என்று அவர்களுக்குத் தயக்கம். அந்த அம்மா பேனரை நிமிர்ந்து பார்த்தார். "இவர் அங்க போயிட்டு வந்தவர்தானே, போட்டோவே இருக்கே. இவரே போயிருக்கார்னா நம்பிப் போகலாங்க" என்று கணவரிடம் சொன்னார். உயிரோடு இருந்தவரை காக்கா சொல்ல மறுத்த பொய்யை, அவர் முகத்தை வைத்தே சொல்ல வைத்துவிட்டார்கள்.

"இல்லம்மா. அவர் அந்த மலையைப் பார்த்ததே இல்ல" என்றேன், முதலாளியின் உள்ளறை வரை கேட்கும்படி.

உங்கள் வார்த்தையைச் சொல்லிவிட்டேன் காக்கா. நிம்மதியாக உறங்குங்கள்.