முதல் மணி

ஈரக் கம்பளிக் கையுறைகள் ஹீற்றரில் காயும் மணம் எங்கே வந்தாலும், ஒஸ்லோவின் அம்மருட் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பும் அதில் நான் உட்கார்ந்திருந்த கடைசி வாங்கும்தான் எனக்கு நினைவுக்கு வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் கூரை அதிர முழங்குகிற நான், திங்கட்கிழமை அந்த வாங்கில் ஊமையாகிவிடுவேன். எனக்கு நோர்வேஜிய மொழியே வராது என்று முடிவுகட்டிய ஆசிரியை, வகுப்பின் முன் நின்று ஒரு "ஃபூரெட்ராக்", அதாவது ஒரு சின்ன உரை, சொல்லாவிட்டால் என்னை மொழி உதவி வகுப்புக்கு மாற்றப்போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டார். என் ஒரே சிநேகிதி இங்கிரிடை விட்டுவிட்டுப் போவதா? செத்தாலும் மாட்டேன்!

யாரைப் பற்றிப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தவர், நூறு வருடங்களுக்கு முந்திய ஓர் அமெரிக்க ஜனாதிபதி. நியூயோர்க்கில் பொலிஸ் நிர்வாகத்தைத் திருத்தி, ஆளுநராகி, பிறகு நாட்டையே ஆண்டு, ரயில் பாதைகளை அமுக்கி வைத்திருந்த பெரும் முதலாளிகளை நீதிமன்றத்துக்கு இழுத்து, கலப்பட உணவுக்கும் பொய் மருந்துக்கும் எதிராகச் சட்டம் போட்டு, காடுகளைக் காப்பாற்றி, எங்கள் ஒஸ்லோவுக்கே வந்து சமாதானம் பற்றிப் பேசிவிட்டும் போன மனிதர். குசினியில் நான் உரக்க வாசிக்க, பிட்டு அவித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அவருடைய சிறுவயது ஆஸ்துமாதான் பிடித்துக்கொண்டது. "தொய்வுக்காரப் பிள்ளையே நாடாண்டதெண்டா, உனக்கென்னடி குறை? வாயைத் திறந்து கதை!"

வகுப்பின் முன் நின்று திறந்தேன். ஆனால் பழக்கதோஷம் விடுமா? கைகூப்பி, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நடுவர்களே" என்று நோர்வேஜிய மொழியில் தொடங்கியதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது, இங்கிரிட் உட்பட. வந்த கோபத்தில் என் குரல் தானாகவே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் குரலாகிவிட்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், குளிர்காலம் வருகிறது, அடுப்பெரிக்கக் கரியில்லை, ஜனாதிபதியோ கால் காயத்தோடு சக்கர நாற்காலியில் இருந்தபடி இரு தரப்பையும் ஒரே அறைக்குக் கூப்பிடுகிறார், முதலாளிகள் தொழிலாளிகளோடு பேசவே மாட்டோம் என்கிறார்கள் என்று மேசையில் ஓங்கி அடித்தேன். அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது.

பேச்சுப்போட்டியில் முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணிக்குத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே நான் நிறுத்தவில்லை. மணியடித்தால் வெளியே பாய்கிற கூட்டத்தில் ஒருவர்கூட எழும்பவில்லை. "பிறகு? முதலாளிகள் இறங்கி வந்தார்களா?" என்று கேட்டாள் இங்கிரிட். இராணுவத்தை அனுப்பிச் சுரங்கத்தை நானே நடத்துவேன் என்று அவர் மிரட்டியதும் வழிக்கு வந்தார்கள், தொழிலாளர்களுக்குச் சம்பளமும் கூடியது, வேலை நேரமும் குறைந்தது என்று முடித்தபோது கிடைத்த கைதட்டலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தலைகால் புரியாது!

ஆசிரியை அன்றே தொலைபேசியில் அம்மாவிடம் என்னைப் பாராட்டி, மொழி உதவி வகுப்பு தேவையில்லை என்றார். "அவளுக்குக் கதைக்க வரும் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் அம்மா, கொஞ்சமும் அசராமல்.

அந்த வாங்குகள் இப்போது இல்லை. பள்ளிக்கூடத்தில் மணியும் அடிப்பதில்லையாம். கடைசி வாங்கு ஊமையும் போன இடம் தெரியவில்லை. போன மாதம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் தொழிலாளர் பிரதிநிதியாகச் சம்பளப் பேச்சுக்குப் போனேன். பாதியில் முகாமையாளர் கைக்கடிகாரத்தைக் காட்டி, நேரம் முடிந்துவிட்டது என்றார்.

"இது முதல் மணிதான்" என்று சொல்லிவிட்டு, நான் தொடர்ந்து பேசினேன். ஒருவரும் எழும்பவில்லை.